பூட்டு சார் மறந்த வார்த்தை

"சொல்லுங்க சார். நான் எங்கயும் எழுதி வெக்க மாட்டேன், மனசுலயே வெச்சுக்கறேன்" என்றாள் புது அட்மின்.

பூட்டு சார் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வாயை மூடித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி திறந்தார். அப்போதும் வரவில்லை.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

தண்ணீர் பாட்டில் அவர் மேஜை மேலேயேதான் இருந்தது. அதை அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். இருந்தாலும் எழுந்து வெளியே போனார்.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. சேர்ந்த காலத்தில் யூனிக்ஸ், பிறகு லினக்ஸ். மற்றவர்கள் மவுஸைப் பிடித்து உருட்டிக்கொண்டிருக்க, அவர் கறுப்புத் திரையில் வரிவரியாக அடித்தே காரியத்தை முடிப்பார். யாருடைய மெஷின் படுத்துக்கொண்டாலும் வந்து நின்று, "என்ன பண்ணீங்க?" என்பார். "ஒண்ணுமே பண்ணல சார்" என்பார்கள். "ஒண்ணுமே பண்ணாமத்தான் இப்படி ஆச்சாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உட்காருவார். அவர் எழுந்திருக்கும்போது மெஷினும் எழுந்துவிடும்.

சர்வரின் ரூட் பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. வீட்டின் எல்லா அறைகளையும் திறக்கிற ஒரே சாவி மாதிரி அது. மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்ப பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டார். "உங்களுக்கு ஏதாவது ஆனப்புறம் யாரைய்யா போய் கேக்கறது?" என்று மேனேஜர் கேட்டபோது ஒரு சிரிப்போடு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பூட்டு என்ற பெயர் அப்படி வந்ததுதான். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஒருநாள் காதில் விழுந்தபோது, அவர் உள்ளூரப் பெருமைதான் பட்டார்.

இன்று அவருக்கு வேலையில் கடைசி நாள். காலையில் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து, பாஸ்வேர்டை அடித்து, சர்வரின் நலம் விசாரித்து முடித்திருந்தார். அவர் வேலையை ஏற்றுக்கொள்ளப் புது அட்மின் வந்ததும், "இரும்மா, முதல்லேருந்து காட்டறேன்" என்று சொல்லி சர்வரிலிருந்து வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி எல்லாவற்றையும் மூடிவிட்டார்.

இப்போது கதவு சாத்தியிருந்தது. சாவியைக் காணோம்.

தண்ணீர் குடிக்காமலேயே திரும்பி வந்தார். "சொல்றது எதுக்கு? நானே அடிச்சுக் காட்டறேன். உள்ள போனதும் நீங்க உங்க இஷ்டத்துக்கு வேற வெச்சுக்கோங்க" என்றார். விஷயம் சாதாரணமானதுதான். வார்த்தை நினைவில் இல்லாவிட்டால் என்ன, விரல்களுக்குத் தெரியும். தினம் தினம் அடித்த விரல்கள்.

விரல்களைக் கீபோர்டு மேல் வைத்தார். அவை பெண் பார்க்க வந்த இடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தன. எங்கோ ஆரம்பித்து எங்கோ முடித்தார். தவறு என்றது திரை. இன்னொரு தரம். தவறு. மூன்றாவது தரம் அடித்ததும், இனி வாசலில் நிற்காதே என்று சொல்லி மூடிக்கொண்டுவிட்டது. மூன்று தவறுக்கு மேல் யாரையும் சேர்க்கக் கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

மேனேஜர் தலையை நீட்டினார். "என்ன, சாவியைக் கொடுத்தாச்சா?"

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்வதற்கு அந்த ஒரு கணம் போதும். பூட்டு சாருக்கு அது வாய்வரை வந்தது. "நெட்வொர்க் கொஞ்சம் மக்கர் பண்ணுது சார்" என்றார்.

மேனேஜர் போனதும் புது அட்மின் மெதுவாகக் கேட்டாள். "நெட்வொர்க்கா சார்? கீபோர்டு நேரா சர்வர்லதானே சொருகியிருக்கு?"

"நெட்வொர்க்குல பல விதம் இருக்கும்மா."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். இரண்டு கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். மனிதர்கள் நெட்வொர்க்மேல் பழி போடும்போது எந்த முகத்தோடு போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் ஃபோன்.

"ஏங்க, மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"கடைசி நாள் அன்னிக்கு எப்படி வர்றது? என்ன விஷயம்?"

"அவ வந்திருக்கா."

யார் என்று அவர் கேட்கவில்லை. மகள் அவர் வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷம் ஆகிறது.

"நீங்க ரிடையர் ஆகற நாளாச்சேன்னு அவளாவே வந்திருக்கா. சாயங்கால வண்டிக்குத் திரும்பிடுவா. வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடுங்க."

ஒரு வார்த்தை. காலையிலிருந்து உலகமே அவரிடம் ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"இங்க சர்வர்ல பெரிய பிரச்சினை" என்றார். அப்போது பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை. பூட்டிக்கொண்ட சர்வர் உள்ளே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரிப்போர்ட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. மகள் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடத்துக்கு அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். சொன்ன வாய் மூடுவதற்குள் அது நிஜமாகத் தொடங்கியது.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. நெட்வொர்க் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். அவர் ஏணியோடு வந்தார். "எங்க சார் கோளாறு?" என்று பூட்டு சாரிடமே கேட்டார். இல்லாத கோளாறுக்கு எந்த இடத்தைக் காட்டுவது? பூட்டு சார் கூரையைப் பார்த்துப் பொதுவாகக் கையை ஆட்டினார். மெக்கானிக் ஏறி, அந்தக் கை போன திசையில் இருந்த வயர்க் கொத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

சர்வர் அறையின் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேஷியர் அம்மாவின் குரல் கேட்டது. "சார், என் மெஷின்ல பில்லே வரலை!"

"எனக்கும் ரிப்போர்ட் வரலை!" என்றது கவுன்டர்.

"இப்ப தெரியுதா சார் கோளாறு? சரியான இடத்தைத்தான் புடிச்சிருக்கேன்" என்றார் மெக்கானிக், ஏணி மேலிருந்து, சந்தோஷமாக.

ஹாலில் கூட்டம் சேர்ந்தது. வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "எனக்கு சர்க்கரை இருக்கா இல்லையா, அதை மட்டும் வாயால சொல்லிடுங்க. காபில சக்கரை போட்டுக்கலாமான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். கம்ப்யூட்டர் வந்தால்தான் தெரியும் என்றார்கள். "கம்ப்யூட்டரா ரத்தம் குடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பூட்டு சாருக்கு இன்னொரு வழி தெரியும். அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். அது கண் விழிக்கும் நேரத்தில் இடையில் புகுந்து, பழைய பாஸ்வேர்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கும் போய்விடலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. போய், "எப்ப வந்தே?" என்று கேட்டால் போதும். அதற்குமேல் அவளே பேசிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான்.

"ரீபூட் பண்ணிடலாம்" என்றார்.

"இது கடைசியா எப்ப ரீபூட் ஆச்சு சார்?" என்று கேட்டாள் புது அட்மின்.

"நான் நிறுவினதிலேருந்து நிக்கவே இல்லம்மா" என்றார் பெருமையாக.

அவள் முகம் மாறியது. "அப்ப வேண்டாமே சார்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

விசிறிகள் அடங்கின. அந்த அறையில் இத்தனை நாள் ஓர் இரைச்சல் இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு முனகல். திரையில் எழுத்துகள் ஓடின. ஓடி, நின்றன. நின்ற இடத்தில் சர்வர் ஒரு கேள்வி கேட்டது.

டிஸ்க்கைத் திறக்க பாஸ்வேர்டு என்ன?

பூட்டு சாருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நோயாளிகளின் விவரமாயிற்றே, யாராவது டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் படிக்க முடியக் கூடாது என்று, நிறுவின அன்றே மொத்தத்தையும் ரகசிய எழுத்தில் பூட்டிவைத்திருந்தார். வைத்ததோடு மறந்தும்விட்டார். சர்வர் நின்றால்தானே அது கேட்கும்? நிற்கவே இல்லையே.

"இதுக்கு என்ன பாஸ்வேர்டு சார்?"

"அதேதான்."

"ரூட்டுக்கு வெச்சதேவா? ஒரே பாஸ்வேர்டை ரெண்டு இடத்துல..."

"வெக்கக் கூடாதும்மா. எல்லாருக்கும் நான்தான் சொல்வேன்."

"சரி, போகட்டும். பேக்கப் இருக்கில்ல சார்?"

"இருக்கு. ஒரு நாள் தவறாம எடுத்திருக்கேன்."

"அப்பாடா."

"அதையும் பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். "அதேதானா?"

"அதேதான்."

அதுவரை ஓர் ஆள் மட்டும் உள்ளே போக முடியாமல் இருந்தது. இப்போது யாருமே போக முடியாது. ஹாலில் சத்தம் கூடியது. மேனேஜர் வந்து, "நெட்வொர்க்காரர் வயரையெல்லாம் திரும்பச் சொருகியாச்சு, எல்லாம் சரியா இருக்குங்கறாரே?" என்றார். "அவரை நம்பாதீங்க சார், இன்னும் ஒரு தரம் பாக்கச் சொல்லுங்க" என்றார் பூட்டு சார். அந்த மெக்கானிக் பாவம், மறுபடி ஏணியில் ஏறினார்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. காலையில் எப்படி வந்தாரோ அப்படியே வந்தால் விரல்களுக்கு ஞாபகம் வரலாம் என்றாள் புது அட்மின். பூட்டு சார் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, பையை மாட்டி, நாற்காலியை இழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் எழும்பவில்லை. மறுபடியும் பையோடு வெளியே போனார். "என்னய்யா இது, அரை மணியில ரெண்டு தரம் ஆபீசுக்கு வர்றீங்க?" என்றார் மேனேஜர். "நெட்வொர்க்குக்கு இப்படியும் பண்ணிப் பாக்கறது உண்டு சார்" என்றாள் புது அட்மின், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. பூட்டு சாருக்கு அவள்மேல் அந்த நிமிஷத்தில் ஏற்பட்ட மரியாதை சாமானியம் இல்லை.

ஃபோன் மறுபடி அடித்தது.

"கிளம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல. சர்வர் நின்னுபோச்சு. நிஜமாவே நின்னுபோச்சு."

"காலையில சொன்னப்ப நிஜமா நிக்கலையா?"

அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். பின்னால் மகளின் குரல் கேட்டது. "விடும்மா. அப்பாவுக்கு சர்வர்னா சர்வர்தான்." கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த பாஸ்வேர்டை எப்ப வெச்சீங்க?" என்று கேட்டாள் புது அட்மின். "அன்னிக்கு மனசுல என்ன இருந்துச்சுன்னு யோசிச்சாக் கிடைக்கும்."

அன்று மனசில் என்ன இருந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவளைக் கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்லி, நடந்ததைச் சொன்னார்.

மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். கடைசி வருஷம். ஒருநாள் வந்து, படிப்பு போதும், நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்றாள். நாய்களுக்கா என்றார். ஆமாம், உட்கார், எழுந்திரு, வா என்று சொல்லிக்கொடுப்பது என்றாள். அதைத்தான் நான் உனக்கு இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றையாவது கேட்டாயா என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. "இந்த வீட்டுல உனக்கு அனுமதி இல்ல" என்று சொன்னார், சர்வரில் யாரையோ நீக்குகிற மாதிரி. அவள் ஒரு பையோடு போனாள். அவர் ஆபீசுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த சர்வரை ஓரம்கட்டிவிட்டு, புதிதாக ஒன்றை முதலிலிருந்து நிறுவ உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகாமல் இருக்க வேலை வேண்டியிருந்தது. இந்த பாஸ்வேர்டு அன்றைக்கு வைத்தது.

"அப்ப கோபத்துல வெச்சதா சார்?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. என்ன அடிச்சேன்னுதான்... நாலு நாள்ல அது விரலோட பழக்கமாயிடுச்சும்மா. வார்த்தையா அதை நெனச்சே பாக்கலை."

"சரி. கோபத்துல என்னென்ன சொல்லியிருப்பீங்களோ ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் அடிக்கறேன்."

தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுவது அவர் வழக்கம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இனி வராதே" என்றார். அவள் அடித்தாள். தவறு. "எனக்கு மகளே இல்லை." தவறு. "நன்றி கெட்டவள்." அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு அடித்தாள். தவறு.

"தலைமுழுகிட்டேன்" என்றார், கேட்கிறதா இல்லையா என்ற குரலில்.

"ழ-வுக்கு எந்த எழுத்து சார் போடுவீங்க? சிலபேர் ரெண்டு எழுத்து சேத்துப் போடுவாங்க, சிலபேர் ல மாதிரியே போட்டுடுவாங்க."

"ரெண்டு விதமாவும் போட்டுப் பாரும்மா."

மகளைத் தலைமுழுகியதை இரண்டு எழுத்துக்கூட்டலில் அவர் கேட்க வேண்டியிருந்தது. இரண்டும் தவறு. பிறகு "எப்படியோ போ", "செத்தாலும் வராதே". கடைசியில் சொன்னதை அடிக்க அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "இது இருக்காது சார்" என்றாள். "இருக்கும். அடி" என்றார். அடித்தாள். சர்வர் அதையும் இல்லை என்றது. அப்போது மட்டும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது.

இத்தனை வார்த்தைகளையும் அவர் அப்போது நினைத்திருக்கிறார் என்பது பொய் இல்லை. வரிசையாகச் சொல்லிக் கேட்டபோது யாரோ முன்பின் தெரியாத ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. மூன்று வருஷத்தில் எத்தனையோ தரம் ஃபோனை எடுத்து மகளின் எண் வரைக்கும் போயிருக்கிறார். அவளே பேசட்டும் என்று வைத்துவிடுவார். இன்று அவளேதான் வந்திருக்கிறாள்.

ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. மூன்றாவது தரம் ஃபோன் வந்தபோது எடுக்கப் பயமாக இருந்தது.

"வண்டி ஏத்திவிட்டுட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன்" என்றாள் மனைவி. திட்டவில்லை. "மத்தியானம் பூரா உங்க நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. கேட் சத்தம் கேட்டப்ப எல்லாம் எழுந்து எழுந்து பாத்தா."

"திரும்ப எப்ப வருவாளாம்?"

"அதை அவகிட்ட நீங்க கேட்டிருக்கணும்."

பூட்டு சார் எழுந்தார். "எங்க சார்?" என்றாள் புது அட்மின். இனி மறைப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. எதற்காக மறைத்தார் என்பதும் இப்போது விளங்கவில்லை. நேராக ஹாலுக்கு நடந்தார்.

சர்க்கரைப் பெரியவரும் இன்னும் சிலரும் பாக்கி இருந்தார்கள். மெக்கானிக் ஏணியின் கடைசிப் படியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் யாருக்கோ ஃபோனில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கேஷியர் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தார்.

"சார்" என்றார் பூட்டு சார். எல்லாரும் திரும்பினார்கள். "நெட்வொர்க்குல ஒரு கோளாறும் இல்ல. காலையிலேருந்து நான் சொன்னதெல்லாம் பொய். எனக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சு. அது இல்லாம இனிமே எதையும் திறக்க முடியாது. தப்பு என்னோடது."

மேனேஜர் கையிலிருந்த ஃபோனில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கேஷியர் அம்மா கைப்பையை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கினார்.

"அட, இதுக்கா சார் காலையிலேருந்து இந்தப் பாடு? தினமும் வந்து உக்காந்ததும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே அடிப்பீங்க, 'கோச்சுக்காத கண்ணு, வந்துடு'ன்னு. நீங்க பொண்ணுகூட ஃபோன்ல பேசறீங்கன்னுல்ல நாங்க எல்லாம் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தோம்!"